லாட் எண் இல்லாத டிஸ்க்கை வாய்க்குள் வைக்கச் சொல்லாதீர்கள்: பாலிமர் பொருள் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

பல் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகும் செயற்கைப் பல்வேர்) வேலைக்கான பாலிமர் டிஸ்க் (வேலையை மெஷினில் வெட்டி எடுக்கும் பிளாஸ்டிக் வட்டு), ரெசின், டெம்பரரி அபட்மென்ட் (இம்ப்ளான்ட்டையும் பல்லையும் இணைக்கும் தற்காலிகத் துண்டு) ஆகியவற்றை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

முழுப் பெட்டி எடுக்கும் ஆய்வகத்துக்கு மட்டும்தான் லாட் (உற்பத்தித் தொகுதி) சான்றும் தயாரிப்பாளரின் கையேடும்; ஒன்றிரண்டு டிஸ்க் வாங்குகிறவர்களுக்குப் பில் மட்டும்தான். உங்களில் சிலர் இப்படி முடிவெடுத்து, அதை விற்பனைப் பிரதிநிதிகள் வாயால் சொல்லி அனுப்புகிறீர்கள். எழுத்தில் எங்கும் இல்லை. இந்த முடிவை இம்ப்ளான்ட் வேலை செய்யும் டெக்னீஷியன்களாகிய நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்பதைப் பொருளை வைத்தே சொல்கிறோம்.

சிறிய ஆய்வகம் 98.5 மி.மீ. டிஸ்க்கை ஒவ்வொன்றாகத்தான் வாங்கும். பீக் என்ற பிளாஸ்டிக் விற்கிற விலைக்குப் பெட்டியாக வாங்கி அடுக்கிவைக்க அதற்கு வசதி இருக்காது. அந்த ஒரு டிஸ்க்கில் ஒரு ஃபுல் ஆர்ச் ஃபிரேம் (ஒரு தாடையின் முழுப் பல்வரிசைக்குமான சட்டம்) வெட்டி, வளைவின் உட்புறம் மிஞ்சிய இடத்தில் வேறு இரண்டு மூன்று பேருக்கான வேலையையும் வெட்டுவார்கள். ஆக, லாட் எண் இல்லாத ஒரு டிஸ்க் மூன்று நான்கு வாய்களுக்குப் போகிறது. நாளை தயாரிப்பாளர் அந்த லாட்டைத் திரும்பப் பெற்றால் எந்த நோயாளியைக் கூப்பிடுவது? பெட்டியாக வாங்கும் பெரிய மையத்துக்கு உள்ள பாதுகாப்பு, தெருமுனை ஆய்வகத்தில் கட்டிய பல்லுக்கு வேண்டாமா?

பீக் என்பது ஒரு பொருளின் பெயர்தான். அது தரத்தின் பெயர் அல்ல. பாலிஈதர் ஈதர் கீட்டோன் 1978இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் உருவானது. விமான பாகம், பம்ப் சீல், மின்கம்பி உறை என்று இயந்திரத் துறைக்குத்தான் முதலில் போனது. உடலுக்குள் நீண்ட காலம் வைக்கும் தரத்தில் அது தனியாக விற்பனைக்கு வந்தது 1990களின் இறுதியில். இரண்டு தரத்துக்கும் அடர்த்தி ஏறக்குறைய 1.3தான், உருகுநிலை 343 டிகிரிதான், இளகத் தொடங்கும் கண்ணாடிநிலை மாற்றம் 143 டிகிரிதான். நிறமும் அதே காய்ந்த களிமண் போன்ற பழுப்பு. கிராஃபைட்டோ கார்பனோ கலந்த பேரிங் தரம் என்றால் கறுப்பாக இருக்கும், பார்த்ததும் ஒதுக்கிவிடலாம். ஆனால் எதுவும் கலக்காத இயந்திரத் தரத் தண்டை 98.5 மி.மீ. வட்டமாகக் கடைந்து, ஓரத்தில் பள்ளம் எடுத்துக் கொடுத்தால், எந்த டெக்னீஷியனாலும் கண்ணால் பார்த்தோ நகத்தால் கீறியோ பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்வது காகிதம் ஒன்றுதான்.

அந்தக் காகிதத்தில் நாங்கள் தேடுவது இரண்டு. ஒன்று, அறுவை இம்ப்ளான்ட்டுக்கான பீக் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஏஎஸ்டிஎம் எஃப்2026 தரநிலை அல்லது அதற்கு இணையான தயாரிப்பாளர் உறுதி. இன்னொன்று, உயிர்ப்பொருத்தச் சோதனைக்கான, அதாவது உடலுக்குத் தீங்கு செய்யுமா என்று பார்க்கும், ஐஎஸ்ஓ 10993 தரநிலை. இந்த இரண்டாவதில்தான் விளையாட்டு நடக்கிறது. ஐஎஸ்ஓ 10993 உடலோடு தொடும் காலத்தை மூன்றாகப் பிரிக்கிறது: 24 மணி நேரத்துக்குள், 24 மணி முதல் 30 நாள் வரை, 30 நாளுக்கு மேல். 24 மணி நேரத்துக்கான சோதனையில் தேறிய பிளாஸ்டிக்கும் 'சோதிக்கப்பட்டது'தான். ஸ்டிக்கரில் 'மெடிக்கல் கிரேடு' என்று மட்டும் அச்சிட்டால், எந்தக் காலத்துக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இம்ப்ளான்ட் மேல் கட்டும் பிரிட்ஜ் ஈறைத் தொட்டபடி ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறது.

'வெள்ளை பீக்' என்று பில் போடுகிறீர்களே, அதுவும் போதாது. வெள்ளைக்கு டைட்டானியம் டைஆக்சைடு சேர்த்திருக்கலாம். விறைப்புக்காகச் செராமிக் தூள் 20 சதம் சேர்த்த வகையாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்ஃபேட் கலந்ததாகவும் இருக்கலாம். மூன்றும் வளைவதில், வெட்டுப்படுவதில், பாலிஷ் ஏறுவதில் ஒன்றல்ல. பீக்கும் (PEEK) அதன் உறவுப் பொருளான பெக்கும் (PEKK) பில்லில் இடம் மாறி வருவதும் நடக்கிறது. பெக்கில் கீட்டோன் கூடுதல், பொருள் இன்னும் விறைப்பு. ஓர் எழுத்து மாறினால் டிசைன் அளவே மாற வேண்டும். இரண்டு பல்லுக்கு இடையிலான இணைப்பின் குறுக்குவெட்டு எத்தனை சதுர மி.மீ. இருக்க வேண்டும், கடைசி இம்ப்ளான்ட்டுக்குப் பின்னால் எத்தனை மி.மீ. தொங்கலாம் என்பதை நாங்கள் கையேட்டிலிருந்துதான் எடுக்கிறோம். கையேடு தர மாட்டோம் என்றால், அந்த எண்களை ஊகித்துக்கொள் என்றுதானே அர்த்தம்?

மில்லிங் மெஷினில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். 143 டிகிரியைத் தாண்டினால் பீக் இளகத் தொடங்கும். மழுங்கிய கட்டரால் வெட்டினால் சூடு சில்லோடு வெளியேறாது, வேலையிலேயே தங்கும். சில்லு சுருண்டு வர வேண்டிய இடத்தில் மெழுகு மாதிரி இழுபட்டு, கட்டரைச் சுற்றி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கட்டர் வெட்டாது, தேய்க்கும். விளிம்பில் பிசிறு நிற்கும். பீக்குக்குக் கூரான கார்பைடு கட்டர் தனியாக இருக்க வேண்டும். முந்தின நாள் ஜிர்கோனியா செராமிக் வெட்டிய கட்டரையும், அந்த வெள்ளைத் தூள் துடைக்காத அறையையும் வைத்து வெட்டினால் தூள் பிளாஸ்டிக்கில் பதிந்து பாலிஷில் சாம்பல் புள்ளியாக எழும். இது எங்கள் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் டிஸ்க்குக்குள் இருக்கும் இழுவிசை எங்கள் பொறுப்பல்ல. உருக்கி அழுத்திய பீக்கை 200 டிகிரி அளவில் வைத்து மிக மெல்ல ஆறவிட்டு, உள்ளிழுவிசையைத் தயாரிப்பாளர் தணித்திருக்க வேண்டும். தணிக்காத டிஸ்க்கில் ஃபுல் ஆர்ச் வெட்டும்போது மெஷினுக்குள் அளவு சரியாகவே இருக்கும். கடைசி ஸ்ப்ரூவை (வேலையை டிஸ்க்கோடு பிடித்திருக்கும் காம்பை) அறுத்த நொடியில் லாட வடிவம் விரியும், அல்லது சுருங்கும். மாடலில் வைத்து ஒரு முனை ஸ்க்ரூவை மட்டும் முறுக்கிப் பார்த்தால், மறுமுனை, மாடலில் இம்ப்ளான்ட்டுக்குப் பதில் நிற்கும் அனலாகிலிருந்து மேலே எழுந்து நிற்கும்; விளிம்புக்கடியில் வெளிச்சம் கோடாகத் தெரியும். பீக் நெகிழும் பொருள் என்பதால் எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். ஆபத்தே அதில்தான். சரியாகப் பொருந்தியதுபோலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஸ்க்ரூவும் வளைந்த ஃபிரேமை இராப்பகலாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கும். முரட்டுவெட்டு முடித்து, டிஸ்க்கை ஓய்வில் விட்டு, பிறகு இறுதிவெட்டு போட்டால் இதில் கொஞ்சம் தப்பிக்கலாம். தணிக்கப்பட்ட டிஸ்க்கா என்று கேட்டால் 'கம்பெனி டிஸ்க்தான்' என்று மட்டும் பதில் வருகிறது.

அடுத்தது மேல்பூச்சு. பீக் ஒளி ஊடுருவாத பொருள். பல் நிறம் வர அதன்மேல் காம்போசிட் ஏற்றியே ஆக வேண்டும். அது எளிதில் எதோடும் ஒட்டாது. ஜிர்கோனியாவுக்குப் பூசும் எம்டிபி ப்ரைமர் (ஒட்டவைக்கும் முன்பூச்சு) இதற்கு வேலை செய்யாது. கண்ணாடிச் செராமிக்குக்கான ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கும் சைலேனுக்கும் வெறும் பீக்கில் பிடிக்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதில் சிலிக்கா கிடையாது. அலுமினா மணலை, 110 மைக்ரான், இரண்டு மூன்று பார் அழுத்தத்தில் அடித்து, பளபளப்பு முழுதும் போய் ஒரே சீரான மங்கல் வர வேண்டும். கண்ணாடி மணி அடித்தால் மங்கல் வரும், பிடிப்பு வராது. அடித்தபின் விரல் படக்கூடாது. உடனே மெத்தில் மெத்தாக்ரிலேட் அடங்கிய ப்ரைமரை மெல்லிய படலமாகப் பூசி, கையேடு சொன்ன நேரம் ஒளி காட்ட வேண்டும். தேங்கினால் அந்த இடம் பலவீனம். 98 சத கந்தக அமிலத்தில் ஒரு நிமிடம் வைத்தாலும் பிடிப்பு நன்றாக வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிறிய ஆய்வகத்தில் அதை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது எங்கள் கருத்து.

தவறினால் எப்படித் தெரியும்? உடைந்து திரும்பிவரும் பிரிட்ஜைப் பாருங்கள். காம்போசிட் நடுவில் பிளந்திருந்தால், பாதி பூச்சு ஃபிரேமிலேயே இருக்கும். அது சுமை கூடியதால் வந்த உடைவு. நகப்பூச்சு உரிவதுபோல முழுத் தகடாகக் கழன்று, அடியில் சுத்தமான பழுப்பு முகம் மின்னினால், ஒட்டவே இல்லை என்று பொருள். எங்கள் மேசைக்கு வருவதில் இரண்டாவது வகை அதிகம். டிஸ்க்கோடு எந்த ப்ரைமர், எத்தனை மைக்ரான் மணல், எத்தனை நொடி ஒளி என்ற ஒரு பக்கக் குறிப்பு வந்திருந்தால் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். அந்த ஒரு பக்கத்தைத்தான் இப்போது நிறுத்துகிறீர்கள்.

ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. முறுக்கிய ஸ்க்ரூ ஒரு ஸ்பிரிங் மாதிரி; நீண்டு, தன் இழுவிசையால் அபட்மென்ட்டை இம்ப்ளான்ட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. ஸ்க்ரூ தலை உட்காரும் இடம் டைட்டானியமாக இருந்தால் இழுவிசை நிற்கும். பீக்காக இருந்தால் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல அமுங்கும். அமுங்கிய அளவுக்கு இழுவிசை போய்விடும். மறுபடி முறுக்கினாலும் மறுபடி அமுங்கும். அதனால்தான் நிரந்தர வேலையில் ஸ்க்ரூவும் இம்ப்ளான்ட்டைத் தொடும் முகமும் டை-பேஸில் (டைட்டானியத் தளத்துண்டில்) இருக்க வேண்டும் என்கிறோம். டை-பேஸை அனலாகில் திருகி இணைப்பு முகத்தை மறைத்துவிட்டு, 50 மைக்ரான் அலுமினாவை 2 பாரில் அடிக்க வேண்டும். டைட்டானியம் பக்கம் எம்டிபி ப்ரைமர், பீக் பக்கம் மேலே சொன்ன ப்ரைமர். ஸ்க்ரூ துளையை டெஃப்லான் நாடாவால் அடைத்து, தானே இறுகும் ரெசின் சிமென்ட்டால் ஒட்ட வேண்டும். ஒளியால் மட்டும் இறுகும் சிமென்ட் கூடவே கூடாது. பீக் வழியாக ஒளி போகாது. விளிம்பு இறுகும், உள்ளே பசையாகவே இருக்கும். டை-பேஸ் இல்லாமல் முழுப் பீக்கில் வெட்டிய ஸ்க்ரூ-இருக்கையை 'மெட்டல்-ஃப்ரீ, நிரந்தரம்' என்று விளம்பரத்தாளில் போடுகிறவர்கள், அதை 35 நியூட்டன் சென்டிமீட்டரில் முறுக்கி ஓர் ஆண்டு கழித்துத் தளர்வை அளந்து காட்ட வேண்டும்.

இப்போது பிஎம்எம்ஏ என்ற ஆக்ரிலிக். இதுதான் எங்களை அதிகம் வருத்துவது, ஏனென்றால் இது நல்ல பொருள். ஆலையில் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகிய பிஎம்எம்ஏ டிஸ்க், ஃபிளாஸ்க்கில் கையால் பேக் பண்ணிய ஆக்ரிலிக்கைவிட எல்லா வகையிலும் மேல். துளைகள் இல்லை, இறுகாமல் எஞ்சிய மூலப்பொருளான மானோமர் மிகக் குறைவு, நிறம் பல அடுக்காக வந்து பார்க்க அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் வினையாகிறது. அறுவை முடிந்ததும் போட்டு, எலும்பு பிடிக்கும் வரை மூன்று முதல் ஆறு மாதம் வைக்க வேண்டிய பிரிட்ஜ், 'இதுவே நன்றாக இருக்கிறதே' என்று வாயிலேயே தங்கிவிடுகிறது. நீங்களும் விலைப்பட்டியலில் 'பிஎம்எம்ஏ மல்டிலேயர் – லாங் டேர்ம்' என்று எழுதுகிறீர்கள். எத்தனை மாதம் என்று ஓர் எண் போடுங்கள். 'லாங் டேர்ம்' என்ற சொல்லை வைத்து நோயாளிக்கு என்ன தேதி சொல்வது?

அது எங்கே உடைகிறது என்பதும் மர்மமல்ல. ஃபுல் ஆர்ச் டெம்பரரி பெரும்பாலும் கடைசி இம்ப்ளான்ட்டின் ஸ்க்ரூ துளை வழியாகத்தான் பிளக்கும். டைட்டானியம் சிலிண்டர் நிற்கும் இடத்தில் சுற்றியுள்ள ஆக்ரிலிக் மெல்லிசு. அதற்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் தொங்கினால் ஒவ்வொரு மெல்லலும் அந்த மெல்லிய வளையத்தை நெம்புகிறது. முதலில் மயிரிழைக் கோடு, அதில் காப்பி நிறம் ஏறும், பிறகு ஒரு நாள் இரண்டாகும். எலும்பு பிடிக்காத இம்ப்ளான்ட் மேல் பிரிட்ஜ் இரண்டானால் உடைந்த பாதியின் இம்ப்ளான்ட் தனியாக ஆடத் தொடங்கும். பல்லோடு இம்ப்ளான்ட்டும் போகும். டெம்பரரியில் பின்தொங்கல் வேண்டாம் என்று டாக்டர்களிடம் நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். உடைந்த துண்டை விழுங்கினாலோ மூச்சுக்குழாயில் போனாலோ எக்ஸ்ரேயில் தெரியாது. பிஎம்எம்ஏவும் கலப்பில்லாத பீக்கும் எக்ஸ்ரேக்குக் கண்ணாடி மாதிரி. இந்த எச்சரிக்கை உங்கள் உறைகளில் எங்கே இருக்கிறது?

கலந்ததும் தானே இறுகும் கோல்ட் க்யூர் ஆக்ரிலிக்கின் பொடியும் திரவமும் இம்ப்ளான்ட் வேலைக்கு என்று தனிப் பெயரில் விற்கிறீர்கள். அறுவை நாளன்று சிலிண்டரை வாயில் திருகி, பிரிட்ஜைத் துளையிட்டு உட்காரவைத்து, இடைவெளியைக் கோல்ட் க்யூரால் நிரப்பும் வேலை அது. தையலுக்கு மேல் ரப்பர் டாம் துண்டு ஒன்று விரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரப்ப வேண்டும். மொத்தமாக ஊற்றினால் இறுகும் சூடும் கூடும், சுருக்கமும் கூடும், சிலிண்டர்கள் ஒன்றையொன்று இழுக்கும். பிறகு கழற்றி, மிச்சத்தை ஆய்வகத்தில் நிரப்பி, 45 டிகிரி வெந்நீரில், 2 பார் அழுத்தக் கலனில் வைத்தால்தான் நுரைத்துளை இல்லாமல் இறுகும். பல் செட் ஆக்ரிலிக்குக்கான ஐஎஸ்ஓ 20795-1 எஞ்சிய மானோமருக்கு வைக்கும் உச்சவரம்பு ஹீட் க்யூருக்கு 2.2 சதம், கோல்ட் க்யூருக்கு 4.5 சதம். இரண்டு மடங்கு. புதுக் காயத்தின் மேல் உட்காரும் பொருளுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. உங்கள் பொடி எந்த வகையில் தேறியது, எஞ்சிய அளவு எவ்வளவு என்று டப்பாவில் இல்லை. டப்பாவே சில நேரம் பெரிய டின்னிலிருந்து பிரித்து நிரப்பியது. உற்பத்தித் தேதியும் இல்லை. பழைய திரவம் பாட்டிலில் கெட்டியாகத் தொடங்கியிருப்பது ஊற்றும்போதுதான் தெரிகிறது.

3டி பிரிண்ட் ரெசினிலும் இதே கதை. 'பெர்மனென்ட் கிரவுன்' ரெசினுக்கும் 'டெம்பரரி' ரெசினுக்கும் பாட்டில் மட்டும்தான் வித்தியாசம் என்பதுபோல விற்கிறீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் எத்தனை நிமிடம் கழுவ வேண்டும், எந்த அலைநீள விளக்கில் எத்தனை நிமிடம் எந்தச் சூட்டில் இறுக்க வேண்டும் என்பது ரெசினுக்கு ரெசின் மாறும். அதிகம் ஊறினால் மேற்பரப்பு மெலியும். குறைவாக இறுகினால் உள்ளே பச்சையாக இருந்து வாயில் கசியும். குறிப்பில்லாத பாட்டிலை நாங்கள் இனி திறக்கப்போவதில்லை.

பீக் டெம்பரரி அபட்மென்ட்டுக்குப் பல தயாரிப்பாளர்கள் 180 நாள் என்று தெளிவாக வரம்பு போட்டிருக்கிறார்கள். அது கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் உறையில் இல்லை. முறுக்கு அளவும் அப்படித்தான். டைட்டானியம் அபட்மென்ட்டுக்கு 30, 35 என்று பழகிய கை, பீக்கையும் அதே ராட்செட்டில் முறுக்குகிறது. கழுத்தில் விரிசல் விழுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே டைட்டானியம் ஸ்க்ரூ தெரியும், பீக்கின் விளிம்பு தெரியாது. இடையில் ஈறு சிக்கி அரை மி.மீ. மேலே நின்றாலும் படம் சரியாகவே காட்டும். டாக்டருக்கு இதை முன்கூட்டியே சொல்ல ஒரு வரி போதும்.

கடைசியாக, 'எலும்பைப் போன்ற இம்ப்ளான்ட்' என்று சுற்றுக்கு விடப்படும் விளம்பரத்தாள். எலும்புக்குள் திருகும் பாகத்தையே பீக்கில் செய்து விற்க ஆர்வம் காட்டுகிறீர்கள். உங்கள் வாதம் மீள்குணகம், அதாவது விறைப்பின் அளவு: டைட்டானியம் 100 கிகாபாஸ்கலுக்கு மேல், பீக் எலும்புக்கு அருகில், அதனால் எலும்பு கரையாது. எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலப்பில்லாத பீக் 3.6 முதல் 4. தாடையின் கெட்டி எலும்பு 14 வாக்கில். பீக் எலும்பைவிட மூன்று மடங்குக்கும் மேல் மெத்தென்றது. எலும்புக்கு அருகில் வருவது கார்பன் இழை சேர்த்த பீக். அது 18 வாக்கில், நிறம் கறுப்பு. மெத்தென்ற திருகில் சுமை கழுத்துப் பகுதியிலேயே குவிகிறது என்று கணினி மாதிரி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், பீக்கின் மேற்பரப்பு நீரை விலக்கும், எலும்பு அதோடு தானாக இணையாது. டைட்டானியம் இணையும், ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து இத்தனை ஆண்டுக் கண்கூடான பின்தொடர்வு அதற்கு இருக்கிறது. பீக்கின்மேல் எலும்புத் தாதுவான ஹைட்ராக்சி அபடைட்டோ டைட்டானியமோ படியவைக்கும் முயற்சிகள், கந்தக அமிலத்தால் நுண்துளை ஏற்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன, அவை நடக்கட்டும், நாங்கள் ஆவலோடு பார்க்கிறோம். ஆராய்ச்சியில் இருப்பதை விலைப்பட்டியலில் போடாதீர்கள். போடுவதானால் ஐஎஸ்ஓ 14801 சோதனை அறிக்கையைக் கூடவே வையுங்கள்: 30 டிகிரி சாய்வில், 3 மி.மீ. எலும்பு கரைந்த நிலையைக் கற்பித்து, 50 லட்சம் சுற்று சுமை தாங்கியதா இல்லையா என்று.

'நாங்கள் விற்பனையாளர்கள்தானே' என்ற பதிலை எதிர்பார்க்கிறோம். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன் கீழ், ஏ, பி வகுப்புக் கருவிகள் (கிருமிநீக்கம் செய்யாத, அளவிடாத ஏ வகுப்பு நீங்கலாக) 2022 அக்டோபர் 1 முதலும் சி, டி வகுப்புகள் 2023 அக்டோபர் 1 முதலும் உரிம முறைக்குள் வந்துவிட்டன. தயாரிப்பாளர் பெயர், லாட் எண், தேதி, இறக்குமதி உரிம எண் ஆகியவை லேபிளில் இருப்பது முழுப் பெட்டிக்குச் செய்யும் சலுகை அல்ல. பெட்டியைப் பிரித்து ஒன்றொன்றாக விற்பது உங்கள் வசதி; பிரிக்கும்போது லேபிளைக் குப்பையில் போடுவது உங்கள் முடிவு. மெஷினும் கட்டரும் எங்கள் பிழை என்றால் நாங்கள் பணம் வாங்காமல் திருப்பிச் செய்து தருகிறோம். பொருளின் பிழையா என்று பார்க்கக்கூட வழியில்லாத நிலையில் எங்களை வைக்காதீர்கள்.

எங்களுக்கு வேண்டியவை இவை. ஒற்றை டிஸ்க் வாங்கினாலும், தயாரிப்பாளர் பெயர், முழுப் பொருட்பெயர், கலப்பு என்ன எத்தனை சதம், லாட் எண், தேதி, இறக்குமதி உரிம எண் ஆகியவற்றை உறையிலும் பில்லிலும் போடுங்கள். டிஸ்க்கின் ஓரத்திலேயே லாட் எண் பொறித்திருந்தால் அதைக் கடைந்து எடுக்காதீர்கள். வெட்டி மிஞ்சிய துண்டிலும் அந்த எண் இருக்க வேண்டும். லாட் சான்றையும் கையேட்டையும் பெட்டிக் கணக்கு பார்க்காமல், கேட்கிற ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். படமாக அனுப்பினாலும் போதும். 'மெடிக்கல் கிரேடு' என்ற சொல்லோடு ஐஎஸ்ஓ 10993இன் எந்தக் காலப் பிரிவு என்பதையும், 'டெம்பரரி', 'லாங் டேர்ம்' என்ற சொற்களோடு நாள் கணக்கையும் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தச் சொற்களை எடுத்துவிடுங்கள். பீக் அபட்மென்ட் உறைமேல் முறுக்கு அளவும் 180 நாள் வரம்பும், பீக், பிஎம்எம்ஏ இரண்டின் உறையிலும் எக்ஸ்ரேயில் தெரியாது என்ற எச்சரிக்கையும் தமிழிலும் இருக்கட்டும். கோல்ட் க்யூரைப் பிரித்து நிரப்பி விற்பதை நிறுத்துங்கள். பீக் இம்ப்ளான்ட் விளம்பரத்தாளைச் சோதனை அறிக்கை வரும் வரை திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே லாட் எண் இல்லாமல் விற்ற டிஸ்க்குகளுக்கு, உங்கள் இறக்குமதிப் பதிவேட்டைப் பார்த்து, பில் தேதிவாரியாக எண்களை எங்களுக்குக் கொடுங்கள். எங்கள் வேலைச் சீட்டுகளில் நோயாளி வாரியாக ஏற்றிக்கொள்கிறோம்.

இம்மடல் கிடைத்த 30 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். அதுவரை லாட் எண் இல்லாத டிஸ்க்கை மெஷினில் ஏற்ற மாட்டோம். எந்தப் பொருள் என்று தெரியாததால்தான் வேலை தாமதமாகிறது என்பதை வேலை அனுப்பும் டாக்டர்களுக்குச் சீட்டிலேயே எழுதித் தெரிவிப்போம். பதிலைப் பிரதிநிதியின் வாய்மொழியாக அனுப்ப வேண்டாம். நிறுவன முத்திரையோடு எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இம்ப்ளான்ட் வேலை செய்யும் பல் ஆய்வக டெக்னீஷியன்கள்